மூவாயிரம் வினாக்களும் ஒரு கட்டிலும்

கேள்வி: நான் தாதியர் பயிற்சியில் முதலாம் ஆண்டு மாணவி. உயர்தரம் வரை தமிழ் மொழியில் படித்தேன். இப்போது எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடக்கிறது. மூத்த அணியினர் தந்த மூவாயிரம் பல்தேர்வு வினாக்கள் கொண்ட பீடிஎஃப் ஒன்று என்னுடைய போனில் இருக்கிறது. அதை இரண்டு முறை முழுவதும் முடித்துவிட்டேன். அதிலுள்ள வினாக்களுக்கு எண்பதுக்குக் குறையாமல் புள்ளி எடுக்கிறேன். ஆனால் பரீட்சையில் 43 தான் கிடைத்தது. இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று அம்மா கவலைப்படுகிறார். அமெரிக்க வினாப் புத்தகம் ஒன்றை வாங்கலாமா, அல்லது ரியூசன் வகுப்பில் சேரலாமா? நான் பிழைவிட்ட ஒரு வினாவையும், பீடிஎஃபில் சந்தேகமாக இருந்த மூன்று வினாக்களையும் இத்துடன் அனுப்புகிறேன்.
– ஒரு மாணவி, உப்புவெளி

பதில்: அன்புள்ள மகளுக்கு, புத்தகமும் வேண்டாம், ரியூசனும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் வினாக்களே அளவுக்கு அதிகம். ஒவ்வொன்றுடனும் நீங்கள் செலவழிக்கும் நேரம்தான் போதாமல் இருக்கிறது.

பீடிஎஃபில் வரும் எண்பது, நீங்கள் தாதியம் அறிந்ததற்குக் கிடைத்த புள்ளி அல்ல. வினாவை அடையாளம் கண்டதற்குக் கிடைத்த புள்ளி. இரண்டாம் முறை பார்க்கும்போது முதல் வரியை வாசித்தவுடனேயே ‘இதற்கு C தெரிவு’ என்று கை போய்விடுகிறது. இது உங்கள் குறை மட்டுமல்ல. 2006 ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றச் சாரார் ஒருமுறை வாசித்துவிட்டு, தாளைப் பாராமல் நினைவிலிருந்து மீண்டும் மீண்டும் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு நூற்றுக்கு 40 அளவிலும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 அளவிலும் நினைவில் இருந்தது. அந்த ஐந்து நிமிட வெற்றிதான் இரவு இரண்டு மணிக்கு உங்களை ஏமாற்றுகிறது.

இனி நீங்கள் பிழைவிட்ட வினாவுக்கு வருவோம். அதைத் தமிழில் தருகிறேன், மற்ற வாசகர்களும் பார்க்கட்டும். ஒன்பது வயதுப் பிள்ளை, டெங்குக் காய்ச்சலின் நான்காம் நாள். இன்று காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. இரத்த அழுத்தம் 90/75. கை கால் குளிர்ந்திருக்கிறது. பிள்ளைக்குச் சுகம் வந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாமா என்று தாய் கேட்கிறார். தாதி முதலில் செய்ய வேண்டியது என்ன? நீங்கள் தெரிவு செய்த விடை, வாயால் நீராகாரம் கொடுக்கச் சொல்லிவிட்டு நான்கு மணி நேரத்தின் பின் மீண்டும் பார்ப்பது.

உங்கள் பீடிஎஃபைத் திறந்து பார்த்தால், டெங்குவில் நாடி அழுத்த வித்தியாசம், அதாவது இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி, எந்த அளவுக்குக் குறைந்தால் ஆபத்து என்ற வினா நிச்சயம் இருக்கும். அதற்கு 20 அல்லது அதற்குக் குறைவு என்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். இருபது என்ற எண் உங்களுக்குத் தெரியும். ஆனால் 90 இலிருந்து 75 ஐக் கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை. கழித்தால் 15. மேல் எண் மட்டும் கண்ணில் பட்டால் சிறு பிள்ளைக்கு 90 பரவாயில்லை என்று தோன்றும்; இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்கி வருவதைக் கண்டால்தான் குருதிக் குழாயிலிருந்து திரவம் கசிந்து வெளியேறுகிறது என்பது புரியும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரமே கசிவு தொடங்கும் நேரம். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்கள்தான் கண்டம். தாய் சுகம் என்று நினைக்கும் அந்தக் காலையில்தான் தாதி மிக விழிப்பாக இருக்க வேண்டும். ஆகவே அங்கே நான்கு மணி நேரம் காத்திருப்பதற்கு இடமில்லை. நாடியையும், நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்பும் நேரத்தையும், சிறுநீர் போன அளவையும் அந்த நிமிடமே பார்த்து வைத்தியருக்கு அறிவிப்பதுதான் விடை.

திருகோணமலை மாவட்டத்துப் பிள்ளைக்கு இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2017 இன் முற்பகுதியில் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்து பார்த்திருப்பீர்கள். அந்த ஓராண்டில் நாடு முழுவதும் பதிவான டெங்கு நோயாளர் 186,000 ஐத் தாண்டினர். வினாவில் வரும் தாய் ஒரு கற்பனைத் தாய் என்று எண்ணாமல், கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருத்தி என்று எண்ணி வாசித்திருந்தால், கழித்தல் கணக்கு தானாக வந்திருக்கும். வினாவை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுபோங்கள் என்று நான் வகுப்பில் சொல்லி வந்தது இதைத்தான்.

நாளொன்றுக்கு இருபது வினாக்கள் போதும். விடைத்தெரிவுகள் நான்கையும் ஒரு தாளால் மறைத்துக்கொண்டு வினாவை மட்டும் வாசியுங்கள். உங்கள் விடையை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு தாளை எடுங்கள். சரியான விடையைக் குறித்ததும் அடுத்ததற்குப் போய்விட வேண்டாம். மற்ற மூன்றும் ஏன் பிழை என்பதை ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். சில வேளைகளில் ஒரு தெரிவு பிழையான செயலாக இருக்காது, இரண்டாவதாகச் செய்ய வேண்டியதாக இருக்கும், அதையும் எழுதுங்கள். இப்படிச் செய்தால் இருபது வினாவுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

எழுத முடியாமல் போன இடங்களை ஒரு கொப்பியில் சேர்த்து வையுங்கள். ஆனால் ‘பிழை’ என்று மட்டும் குறிக்க வேண்டாம். பாடமே தெரியாமல் விட்டதா, தெரிந்தும் வினாவைப் பிழையாக வாசித்ததா என்று பிரித்து எழுதுங்கள். தமிழில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது வகை அதிகம் என்பது என் அனுபவம். ‘எக்செப்ட்’ (தவிர) என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால், பாடம் முழுவதும் தெரிந்தவளுக்கும் புள்ளி போய்விடும். ‘இனிஷியல்’ (முதலாவது), ‘மோஸ்ட் லைக்லி’ (பெரும்பாலும் இருக்கக்கூடியது), ‘பிரயோரிட்டி’ (முன்னுரிமை) போன்ற சொற்களின் கீழ் பென்சிலால் கோடு போடும் பழக்கம் வந்தால் அடுத்த பரீட்சையிலேயே வித்தியாசம் தெரியும்.

அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் இன்னொன்றும் தொடங்குங்கள். சத்தி வருவது போன்ற உணர்வைப் பாடத்தில் ‘நோசியா’ என்று படிக்கிறீர்கள்; அதை நம்முடைய வாட்டில் ஒருவரும் அப்படிச் சொல்லப் போவதில்லை. மூதூர்ப் பெரியம்மா ‘ஓங்காளமாக் கிடக்கு’ என்பார். சிங்கள ஐயா ‘ஒக்காரய’ என்பார். இரண்டு சொல்லும் அக்காள் தங்கை மாதிரி இருக்கின்றன, கவனித்தீர்களா? ‘சத்தி’, ‘இளைப்பு’, ‘தலைச்சுற்று’ என்று நோயாளி வாயில் வரும் சொல்லை ஆங்கிலச் சொல்லின் பக்கத்தில் எழுதி வைத்தால், ஆங்கிலச் சொல் வெறும் ஒலியாக நில்லாமல் ஒரு முகத்துடன் நினைவில் நிற்கும்.

கணக்கு வினாக்களில் நீங்கள் அதிகம் இழக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன், ஏனென்றால் சேலைன் ஏற்றும் வேகத்தின் சூத்திரத்தை மட்டும் அதில் மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். 1000 மில்லிலீற்றர் சேலைனை எட்டு மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். சொட்டுக் குழாய் செட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி. இருபதாயிரத்தை 480 நிமிடத்தால் வகுக்க 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. சூத்திரம் அவ்வளவுதான். ஆனால் மணித்தியாலத்தை நிமிடமாக்க மறந்தால் 2500 என்று வரும். அந்த எண்ணை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறவர்களை நான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். சொட்டுக் குழாயின் முன் கையில் கடிகாரத்துடன் ஒருமுறை நின்றவருக்கு அந்தப் பிழை வராது. நிமிடத்துக்கு 42 என்றால் 15 செக்கனில் பத்தோ பதினொன்றோ விழும், கண்ணால் எண்ணலாம். 2500 துளியைக் கண்ணால் எண்ண முடியுமா? கணக்குச் செய்யுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இதை நான் படித்தது வெட்கப்பட்டுத்தான். பயிற்சிக் காலத்தில் 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பரசிட்டமோல் சிரப் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம், ஆகவே 7.5 மில்லிலீற்றர். நான் அவசரத்தில் புள்ளியை விட்டு 75 என்று எழுதிவிட்டேன். வாட்டுச் சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு ஏசவில்லை. 60 மில்லிலீற்றர் சிரப் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்து, ‘பிள்ளைக்கு ஒரு போத்தலும் காணாதே, மகள்’ என்றார். அன்றிலிருந்து தசமப் புள்ளியைத் தடிப்பாகத்தான் வைக்கிறேன்.

அமெரிக்கப் புத்தகம் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது தரக்குறைவானது என்பதல்ல. நோயாளியைப் பற்றிச் சிந்திக்க வைக்கும் வினாக்கள் அவற்றில் நிறைய உண்டு. ஆனால் நாம் பரசிட்டமோல் என்பதை அவர்கள் அசிட்டமினொஃபென் என்பார்கள். நம்முடைய அட்ரினலின் அவர்களுக்கு எபினெஃப்ரின். சல்பியூட்டமோல் அவர்களுக்கு அல்பியூட்டரோல். எந்தத் தரத்துத் தாதி எந்த வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற வினாக்கள் அவர்கள் நாட்டுச் சட்டத்தின்படி அமைந்தவை. இங்கே அவை பொருந்தா. குருதிச் சீனியை ஒரு புத்தகம் மில்லிகிராமிலும் இன்னொன்று மில்லிமோலிலும் தரும். 18 ஆல் வகுத்தால் 126 என்பது 7 ஆகும் என்று தெரியாத முதலாம் ஆண்டுப் பிள்ளை தலையைப் பிய்த்துக்கொள்ளும். மூன்றாம் ஆண்டில், அடிப்படை உறுதியான பிறகு, நூலகத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் சந்தேகப்பட்ட மூன்று வினாக்களில் முதல் இரண்டின் விடையும் சரி. மூன்றாவதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பொட்டாசியம் குளோரைட் ஊசி மருந்தை நேரடியாக நாளத்தினுள் மெதுவாகச் செலுத்தலாம் என்று விடைப் பட்டியலில் இருக்கிறது. ஒருபோதும் செலுத்தக்கூடாது. அதைச் சேலைனில் கலந்து, நன்றாகக் குலுக்கி, அளவான வேகத்தில் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். நேரே செலுத்தினால் இதயம் நின்றுவிடும். யாரோ ஒருவர் எந்த ஆண்டோ தட்டச்சில் விட்ட பிழையை அணி அணியாகப் பாடமாக்கி வந்திருக்கிறார்கள். நீங்கள் சந்தேகப்பட்டதே பெரிய விடயம். அந்தப் பக்கத்தை நாளைக்கே உங்கள் விரிவுரையாளரிடம் காட்டி, திருத்தத்தை உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். விடைப் பட்டியலுக்கு மேலாகப் பாடநூலையும் விரிவுரையாளரையும் நம்புங்கள்.

குழுவாகப் படிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். விடுமுறையில் நாலு பேர் சேர்ந்து டச்சுக்குடாக் கடற்கரையில் உட்கார்ந்தாலும் நல்லதுதான், ஆளுக்கு ஒரு நோயைத் தமிழில் விளங்கப்படுத்துவதாக இருந்தால். அன்று வாட்டில் பார்த்த நோயாளியை வைத்து நீங்களே ஒரு வினாவும் நான்கு விடைத்தெரிவுகளும் அமைத்துப் பாருங்கள். பிழையான மூன்று தெரிவுகளை நம்பத்தக்க விதமாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும், பாடமும் பதியும். நோயாளியின் பெயரோ, கட்டில் இலக்கமோ அதில் வரக்கூடாது. பெட் ஹெட் டிக்கெட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டை, போனில் படம் பிடித்துக் குழுவில் போடும் பழக்கம் இப்போது பரவுகிறது. அதை எவர் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், இனிப் பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவேன் என்று. இன்று பிழைவிட்ட வினாவை நாளைக்கும், மூன்று நாளிலும், அடுத்த கிழமையும் மறைத்துவைத்து மீண்டும் எழுதிப் பார்த்தால் போதும். விழித்திருந்து ஒரே இரவில் நூறு வினா பார்ப்பதைவிட அது நிலைக்கும்.

இந்த முறையில் ஒரு மாதம் படித்துவிட்டு, கீழே தரும் வினாவுக்கு விடை எழுதி எனக்கு அனுப்புங்கள். அறுபத்தெட்டு வயதுடைய ஒருவர் இதய வலுவிழப்புக்காக டிஜொக்சினும் ஃபுரோசமைட்டும் எடுக்கிறார். காலை எட்டு மணி டிஜொக்சின் கொடுக்கும் நேரம். நேற்றிலிருந்து அவருக்கு ஓங்காளம். எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். நாடி நிமிடத்துக்கு 54. பொட்டாசியம் 2.9. மருந்தைக் கொடுத்துப் பதிவதா, சாப்பாட்டுடன் கொடுப்பதா, பாதியாகக் கொடுப்பதா, நிறுத்திவைத்து வைத்தியருக்கு அறிவிப்பதா? நாடியை எந்த இடத்தில், எவ்வளவு நேரம் எண்ணினீர்கள் என்பதையும், விட்ட மூன்றையும் ஏன் விட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.