துபாயில் வீடு பார்க்கப் போகிறீர்களா? டோக்கன் பணம் இங்கேயே இருக்கட்டும்

கேள்வி: நானும் மனைவியும் கோவையில் தொழில் செய்கிறோம். இங்கே ஓர் ஓட்டலில் நடந்த வீட்டு விற்பனைக் கண்காட்சியில், துபாய் ஜுமைரா வில்லேஜ் சர்க்கிள் பகுதியில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஃப்ளாட் பிடித்துவிட்டது. விலை 9 லட்சம் திர்ஹம். வெள்ளி முதல் ஞாயிறு வரை நேரில் அழைத்துப் போய்க் காட்டுகிறார்களாம். அங்கேயே 50,000 திர்ஹம் கட்டி முன்பதிவு செய்தால் விமான டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமாம், கிரெடிட் கார்டிலும் கட்டலாமாம். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் மச்சினன், "மாமா, நான் இங்கே கட்டிடறேன், நீங்க அங்கே அம்மா கணக்குல ரூபாயா போட்டுடுங்க" என்கிறான். இந்தப் பயணத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் மச்சினர் சொன்ன வழியைப் பார்ப்போம், அவசரமாக நிறுத்த வேண்டியது அதைத்தான். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் வெளிநாட்டுச் சொத்துக்கு ஈடாக இந்தியாவுக்குள் ரூபாய் கைமாறுவதை, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் (ஃபெமா) 3-ஆவது பிரிவு நேரடியாகவே தடுக்கிறது. அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். மாமியாரின் வங்கிக் கணக்கும் விசாரணைக்குள் வந்துவிடும். வயதானவரை அந்த நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கிரெடிட் கார்டும் வேண்டாம். கார்டு உங்கள் பயணச் செலவுக்கு, சாப்பாட்டுக்கு, டாக்ஸிக்கு. வெளிநாட்டில் வீடு வாங்குவது சட்டத்தின் பார்வையில் மூலதனக் கணக்குப் பரிவர்த்தனை, அதாவது அன்றாடச் செலவு அல்ல, சொத்து சேர்ப்பது. அதற்கு வழி வேறு. பயணத்துக்கென்று வாங்கிய ஃபாரெக்ஸ் கார்டும் அப்படித்தான். என்ன காரணம் சொல்லி அந்நியச் செலாவணி வாங்கினீர்களோ அதற்கே செலவழிக்க வேண்டும் என்கிறது 10-ஆவது பிரிவு. "எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்" என்று விற்பனையாளர் சொல்வார். பின்னால் அமலாக்கத் துறையிலிருந்து கடிதம் வந்தால் அது அவர் வீட்டுக்குப் போகாது, உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

சரியான வழி, ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம், அதாவது எல்ஆர்எஸ். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். உங்கள் வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்கும் ஏ2 படிவம் கொடுத்து, நோக்கம் 'வெளிநாட்டில் அசையாச் சொத்து' என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். இந்த வரம்பு திர்ஹம் கணக்கில் சுமார் 9.18 லட்சம். உங்கள் ஃப்ளாட் விலை அதற்குள் அடங்குவது போலத் தெரியும். ஆனால் துபாய் நிலத்துறைக்கு 4% பதிவுக் கட்டணம் உண்டு. அந்த 36,000-ஐச் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடுகிறது. சுற்றுலாவுக்கு வாங்கும் ஃபாரெக்ஸும் இதே வரம்பில்தான் கழியும். தவணைகள் இரண்டு மூன்று நிதியாண்டுகளில் பரவினால் சிக்கல் இல்லை. ஒரே ஆண்டில் முடிக்க வேண்டுமானால், மனைவியையும் பத்திரத்தில் இணை உரிமையாளராகச் சேர்த்து, அவர் பங்கை அவர் கணக்கிலிருந்தே அனுப்புங்கள்.

வங்கி டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் முன்வரி) பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20%. 50 லட்சம் அனுப்பினால் 8 லட்சம் தனியாகக் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை கையில் பணம் இருக்க வேண்டுமே. இப்படி அனுப்பும் பணத்துக்கு இந்திய வங்கி கடனும் தராது.

அப்புறம், பயணம். வெள்ளி முதல் ஞாயிறு வரை என்பதை மாற்றச் சொல்லுங்கள். அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு வார விடுமுறை. அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியன்றும் பாதி நாள்தான். அவர்கள் சொல்லும் மூன்று நாளில் விற்பனை அலுவலகம் திறந்திருக்கும், நீங்கள் சந்தேகம் கேட்க வேண்டிய அலுவலகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். டிக்கெட் உங்கள் காசிலேயே இருக்கட்டும்; ஞாயிறு இரவு இறங்கி, திங்கள் முதல் வியாழன் வரை தங்குங்கள். டிக்கெட் பணம் திரும்ப வரும் என்ற ஒரே காரணத்துக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய படிவத்திலேயே முன்பதிவுத் தொகை 'திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறது.

கிளம்புவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இங்கே மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம் அல்லவா? அங்கே கட்டுமானத்தில் இருக்கும் திட்டத்துக்கு, துபாய் நிலத்துறையின் 'துபாய் ரெஸ்ட்' செயலியில் பாருங்கள். திட்டம் பதிவாகியிருக்கிறதா, வேலை எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது, தரகருக்கு உரிமம் இருக்கிறதா என்பதெல்லாம் கிடைக்கும். 2007-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டப்படி, கட்டிமுடிக்காத வீட்டுக்கு வாங்குபவர் கட்டும் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள எஸ்க்ரோ (பாதுகாப்பு) கணக்கில் போக வேண்டும். தரகர் கணக்கோ, நிறுவனத்தின் பொதுக் கணக்கோ கொடுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் கட்டிய பிறகு உங்கள் பெயர் ஓகூத் எனும் இடைக்காலப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

துபாயில் அவர்கள் காட்டும் மாதிரி ஃப்ளாட்டில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். அது உங்கள் ஃப்ளாட் இல்லை. அதே நிறுவனம் ஏற்கெனவே கட்டி ஒப்படைத்த ஒரு கட்டடத்துக்குப் போய், அங்கே குடியிருப்பவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: சதுர அடிக்கு ஆண்டு சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு, சில்லர் (குளிரூட்டல்) கட்டணம் எவ்வளவு. மையக் குளிரூட்டல் இணைப்புள்ள கட்டடங்களில், வீடு பூட்டிக் கிடந்தாலும் நிலையான கட்டணம் வந்துகொண்டே இருக்கும். கோவையில் இருந்துகொண்டு வாடகைக்கு விடப்போகும் உங்களுக்கு இது முக்கியம்.

விற்பனை ஒப்பந்தத்தின் முழு நகலை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் திரும்புங்கள். அதில் தவணை அட்டவணையை முதலில் படியுங்கள். நீங்கள் தவணை தவறினால், 80%-க்கு மேல் வேலை முடிந்த திட்டத்தில் ஒப்பந்த விலையில் 40% வரை கட்டுநர் பிடித்துக்கொள்ள துபாய் சட்டம் இடம் தருகிறது. ஆகவே அட்டவணையை உங்கள் வங்கியிடம் காட்டி, எல்ஆர்எஸ்ஸில் தவணையாக அனுப்பத் தடையில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். சாவி கொடுத்த பிறகும் வருடக்கணக்கில் தவணை கட்டும் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வெளிநாட்டில் வாங்கிய கடன் போலவே தெரியும், அதனால் ஃபெமா கேள்வி எழும்.

மச்சினர் உதவியே கூடாதா என்றால், அப்படி இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் உறவினரோடு கூட்டாகச் சொத்து வாங்க 2022-ஆம் ஆண்டின் விதிகள் அனுமதிக்கின்றன. 'உறவினர்' என்பதில் உடன்பிறந்தவர் வருவார், மனைவியின் தம்பி வரமாட்டார். அதனால் உங்களோடு சேர்ந்து அவர் வாங்க முடியாது, தன் அக்காவோடு சேர்ந்து வாங்கலாம். அப்படியானால் அவர் பங்குக்கு அவர் பணம், அவருக்கு உண்மையான உரிமை. குடும்பத்தில் இதைப் பேசித் தெளிவாக்கிக்கொண்ட பிறகே இறங்குங்கள்.

பணம் அனுப்பத் தொடங்கிய ஆண்டிலிருந்தே வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான எஃப்ஏ அட்டவணையில் இதைக் காட்ட வேண்டுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். சொத்து பெயருக்கு வந்த பிறகு கட்டாயம் காட்ட வேண்டும். வாடகைக்கும் இங்கே வரி உண்டு. காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். 20 லட்சம் வரையிலான சொத்துகளுக்குத் தந்த விலக்கு அசையாச் சொத்துக்குப் பொருந்தாது. வங்கி தரும் ஒவ்வொரு பணம் அனுப்பிய ரசீதையும், ஏ2 படிவ நகலையும் ஒரே கோப்பில் வையுங்கள். நாளை அந்த வீட்டை விற்றுப் பணத்தை இங்கே கொண்டுவரும்போது வங்கி முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.