காலிஃபிளவர் சாதம் களியாகாமல் இருக்க

அரிசிக்குப் பதில் காலிஃபிளவரைக் குருணையாக உதிர்த்து, மூடி போட்டு 10 நிமிடம் வேகவைத்தேன், எலுமிச்சை சாதம் களி மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூடிதான் காரணம். காலிஃபிளவரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆவி வெளியேறாவிட்டால் தன் தண்ணீரிலேயே குழைந்துவிடும்.

பூவை உப்பு வெந்நீரில் அலசியதும் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள்; இதில் அவசரமே வேண்டாம். மிக்ஸியில் அரை ஜாருக்கு மேல் போடாமல், விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று. குருணை மாதிரி கையில் உதிர வேண்டும். விரலில் ஒட்டினால் அரைபட்டுவிட்டது, அதை அடைமாவில் கலந்துவிடுங்கள்.

400 கிராம் துருவலுக்கு 2 தேக்கரண்டி நல்லெண்ணெய். கடுகு, வேர்க்கடலை, மிளகாய், மஞ்சள்தூள் தாளித்து, அகலமான இரும்பு வாணலியில், பெருந்தீயில், மூடாமல் 5 நிமிடம் கிளறினால் போதும். உப்பை இறக்கும்போது போடுங்கள். முன்பே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பிறகுதான், இரும்பில் பிழிந்தால் கறுத்துவிடும்.

அப்பாவின் சர்க்கரைக்காக என்றீர்கள். அவர் இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால், அரிசிச் சாதத்தை நிறுத்துமுன் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பழைய அளவே தொடர்ந்தால் சர்க்கரை சட்டென இறங்கிவிடலாம்.