கோக்குவின் தலைமுடியும் சைவ ஓட்டலும்

கேள்வி: ஜப்பான்காரர்களின் படக்கதையான மங்கா, கார்ட்டூன் படமான அனிமே எது கையில் கிடைத்தாலும் ஹாலிவுட்காரர்கள் கொத்துக்கறி போட்டுவிடுகிறார்களே, ஏன்? 'டிராகன்பால் எவல்யூஷன்' படத்தில் கோக்குவின் தலைமுடியைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லையே!
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: ஹாலிவுட் கிடக்கட்டும். தலைமுடி என்று எழுதினீர்களே, அதற்கு வருவோம்.

'டிராகன்பால்' மங்காவில் அகிரா தொரியாமா வரைந்த நாயகன் கோக்குவின் தலையில் இருப்பது முடியே அல்ல. மட்டமான தாளில், கறுப்பு வெள்ளையில், வாராவாரம் அச்சாகும் கதை அது. நாலு பேர் புழுதி பறக்கக் கட்டிப் புரளும்போது இதில் நம்ம ஆள் எவன் என்று வாசகனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். அதற்கு நட்டுவைத்த கட்சிக்கொடிதான் அந்த முடி. அதற்குள் மசி நிரப்புவது உதவியாளரின் வேலை, வாராவாரம் பெண்டு நிமிர்ந்துவிடும். தொரியாமா பார்த்தார். பலம் பெருகி 'சூப்பர் சையன்' என்ற வடிவத்துக்கு மாறினால் முடியின் நிறமும் மாறும் என்று கதையில் ஒரு வரி வைத்துவிட்டு, முடியை வெள்ளையாகவே விட்டுவிட்டார். மசியும் மிச்சம், நேரமும் மிச்சம். வண்ணத்தில் வந்தபோது அது பொன்னிறமாகி உலகமே வாய் பிளந்தது. அத்தனைக்கும் மூலம் ஒரு உதவியாளரின் கைவலி. இதழ் அச்சுக்குப் போகும் ராத்திரிகளில் நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு.

இந்தத் தலையைத்தான் 2009இல் ஹாலிவுட்டில் ஜெல் தடவி அடக்கிவிட்டார்கள். காலையில் சீப்பு அகப்படாமல் காலேஜ் பஸ் பிடிக்க ஓடுகிற பையன் போல இருக்கிறார் கதாநாயகன். மலையில் வாலோடு திரிந்த பையனை அமெரிக்க ஹைஸ்கூலில் சேர்த்து, அங்கே நாலு பேர் அவனைக் கிண்டல் செய்வது போலக் காட்சி வைத்து... போதும். திரைக்கதை எழுதியவரே 2016இல் மன்னிப்புக் கேட்டுவிட்டார், ரசிகனாக அல்ல, பணத்துக்காக ஒப்புக்கொண்ட வேலை என்று. செத்த பாம்பை நான் ஏன் அடிக்க வேண்டும்? தொரியாமா சொன்ன திருத்தங்களையும் அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த எரிச்சலில்தான் மனுஷர் 2013 டிராகன்பால் அனிமே படத்துக்குத் தானே இறங்கி வேலை பார்த்தார், அந்த வகையில் லாபம்.

முடி ஏன் அடங்கியது? கூச்சம். டோப்பா வைத்தால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். இதில் எனக்கு அனுபவம் உண்டு. எட்டாம் வகுப்பு ஆண்டுவிழாவில் நான் நாரதர். வாடகைக்கு வந்த டோப்பா, எனக்கு முன்னால் நாலைந்து நாரதர்கள் தேய்த்த தேங்காய் எண்ணெய் வாசனையோடு, என் தலையைவிட இரண்டு சுற்றுப் பெரிதாக இருந்தது. முதல் பாட்டிலேயே கொண்டை கண்ணுக்கு இறங்கிவிட்டது. நான் வெட்கப்பட்டு ஒரு கையால் டோப்பாவையும் மறு கையால் தம்பூராவையும் பிடித்துக்கொண்டு நின்றேன், பந்தலே சிரித்தது. எனக்குப் பின்னால் எமதர்மனாக வந்த பையனுக்குப் பாதி மீசை பிய்ந்து விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுத்து, கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டு, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வசனத்தைத் தொடர்ந்தான். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. தெருக்கூத்தில் துரியோதனன் கிரீடம் ஏன் அவ்வளவு அகலம் என்று எவராவது கேட்டதுண்டா? கேட்பவர்களுக்கு யதார்த்தம் என்றொரு வியாதி. அந்தச் சொல்லோடு எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும், இந்த முறை விட்டுவிடுகிறேன்.

இன்னொரு மங்காவிலிருந்து ஹாலிவுட் எடுத்த 'அலிட்டா' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி ஒரு இயந்திரப் பெண். 2017 கடைசியில் முதல் டிரெய்லர் வந்ததும், அந்தப் பெண்ணுக்குக் கண் இவ்வளவு பெரிசா என்று ஊரே நையாண்டி செய்தது. ஜேம்ஸ் கேமரூன், ராபர்ட் ரோட்ரிகஸ் கூட்டணி என்ன செய்தது தெரியுமா? கண்ணைச் சின்னதாக்கவில்லை, உள்ளே கருவிழியை இன்னும் பெரிதாக்கியது. 2019இல் படம் வந்தபோது பத்தாவது நிமிஷத்தில் கண்ணை மறந்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். கன்னத்தில் மீசை ஒட்டிய கட்சி!

அதற்காக டோப்பா சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று எண்ணிவிட வேண்டாம். 2017இல் வந்த 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தில் ஸ்கார்லெட் ஜோஹான்சனுக்குக் கழுத்தோடு வெட்டிய கறுப்பு முடி, அச்சு அசல். ஆனால் அந்த வெள்ளைக்கார இயந்திர உடம்புக்குள் இருக்கும் மூளை ஒரு ஜப்பானியப் பெண்ணுடையது என்று கதையில் முடிச்சுப் போட்டார்கள். வெள்ளைக்கார நடிகை ஏன் என்று கேட்டவர்களின் வாயை அடைக்கப் போய், அந்தக் கேள்வியையே கதையாக எடுத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. அதில் ஜப்பானிய நடிகர் தகேஷி கிடானோ படம் முழுக்க ஜப்பானிய மொழியில் பேசுவார், எதிரே இருப்பவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். பலர் குறை சொன்னார்கள், எனக்கு உறுத்தவில்லை. அப்பத்தா தமிழில் கேட்க, பேரன் இங்கிலீஷில் பதில் சொல்கிற வீடுகளில் நாம் விருந்தே சாப்பிட்டிருக்கிறோம்.

'ஒன் பீஸ்' மங்காவை நடிகர்களை வைத்து எடுத்தது சினிமா அல்ல, தொடர், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2023இல் வந்தது. எனக்குத் திருப்தி வந்தால்தான் வெளியிட வேண்டும் என்று மூலக்கதைக்காரர் ஓடா பிடித்த பிடியில் நின்றார். நத்தை டெலிபோன் என்று ஒன்று வரும். ஓட்டின் மேல் ரிசீவர், கண்ணை உருட்டும் உயிருள்ள நத்தை. ஏன் நத்தை, எப்படி நத்தை என்று ஒரு பாத்திரம்கூட விளக்கவில்லை. எடுத்தார்கள், பேசினார்கள், வைத்தார்கள்.

அப்புறம், மேற்கத்தியர் என்றால் ஹாலிவுட் மட்டுமா? பிரான்ஸை விட்டுவிட்டீர்களே. 'சிட்டி ஹன்ட்டர்' என்ற மங்காவின் நாயகன் ஒரு துப்பறியும் ஆள், பெண்களைக் கண்டால் ஜொள்ளு. மணிக்கணக்கில் ரூம் விடும் ஓட்டலுக்குப் போகலாமா என்பதுதான் அவன் பேச்சே. இதன் அனிமேயைப் பிரெஞ்சு டிவியில் சிறுவர் நிகழ்ச்சியில் போட்டுத் தொலைத்தார்கள். டப்பிங் பேசியவர்கள் பார்த்தார்கள், ரூமை எடுத்துவிட்டு 'சைவ ஓட்டலுக்குப் போகலாமா' என்று பேசிவிட்டார்கள். ஆளுக்குப் பெயரும் நிக்கி லார்சன் என்று மாற்றியாயிற்று. ஒரு தலைமுறைப் பிள்ளைகள், இவன் ஏன் இப்படிக் காய்கறிக்கு அலைகிறான், அந்தப் பெண்கள் ஏன் கத்தரிக்காய்க்கு இப்படிக் கோபப்படுகிறார்கள் என்று புரியாமலே வளர்ந்தது. அப்படி வளர்ந்தவர்களில் ஒருவரான ஃபிலிப் லாஷோ, கதையோடு டோக்கியோ போய் மூல ஓவியர் ஹோஜோவிடம் சம்மதம் வாங்கி, 2019இல் தானே நாயகனாக நடித்துப் படமாக வெளியிட்டார். ஜொள்ளும் அசட்டுத்தனமும் அப்படியே. பிரான்சில் நன்றாகவே ஓடியது.

எங்கள் உதவி ஆசிரியர் சுத்த சைவம். நிக்கி லார்சன் கதையைப் போன வாரம் அலுவலகத்தில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து மத்தியானம் அவர் சாப்பிடக் கூப்பிட்டால் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. தனியாகப் போய் வருகிறார் பாவம்.