கதவோர எண்ணா, டயர் எண்ணா? பிக்கப் வண்டிக்குக் காற்று எவ்வளவு?

கேள்வி: என் பிக்கப்பின் டயரில் ‘அதிகபட்சம் 44 பி.எஸ்.ஐ.’ (காற்றழுத்தத்தின் அளவு) என்று அச்சடித்திருக்கிறது. கதவோர ஸ்டிக்கரில் 35 என்று இருக்கிறது. எதைப் பிடிப்பது?

கதவோரத்தில் இருப்பதைத்தான். டயர் கம்பெனி ஒரே டயரைப் பல வண்டிகளுக்கு விற்கிறது. அது உங்கள் வண்டியில் மாட்டப்படுமா, வேறொன்றிலா என்று அதற்குத் தெரியாது. ஆகவே டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண் ‘இதற்கு மேல் போகாதே’ என்ற எல்லை மட்டுமே. உங்கள் வண்டியின் எடை, முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதியது வண்டிக் கம்பெனி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் அந்த ஸ்டிக்கர் இருக்கும். பல பிக்கப்களில் ஆள் மட்டும் போகும்போது ஒன்று, முழு லோடுக்கு ஒன்று என இரண்டு வரிசை இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் எண் வேறுபடலாம். நான்குக்கும் ஒரே எண்ணை வைத்துவிடாதீர்கள்.

காலி பிக்கப்பில் 44 வைத்தால், பின்பக்கம் ஏற்கெனவே லேசாக இருப்பதால் சின்னப் பள்ளத்திலும் வண்டி துள்ளும். டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கும், நடுப் பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகள்) சீக்கிரம் தேயும்.

கேள்வி: காலையில் 35 வைத்தேன். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் 40 காட்டுகிறது. 5 இறக்கிவிட்டேன். சரிதானே?

தவறு. உடனே மறுபடி பிடித்துவிடுங்கள். ஓடும் டயர் சூடாகி 4 முதல் 6 பி.எஸ்.ஐ. வரை ஏறுவது இயல்பு. ஸ்டிக்கரில் உள்ள எண் ஆறிய டயருக்கானது. சூட்டில் ஏறுவதையும் சேர்த்தே அதைத் தீர்மானித்திருக்கிறார்கள். இப்போது நீங்கள் இறக்கியதால் டயர் ஆறியதும் 30 ஆகிவிடும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும், அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. வெடிப்பது பெரும்பாலும் காற்று கூடிய டயர் அல்ல, இப்படிக் குறைந்த டயர்தான்.

ஆறிய டயர் என்றால் வண்டி 3 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். வெயில் படும் பக்கத்து டயர் நின்ற இடத்திலேயே சூடாகும் என்பதால் விடியற்காலை அளப்பது நல்லது. வெளி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் காற்றில் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. மாறும். பருவம் மாறும்போது ஒருமுறை கட்டாயம் பாருங்கள். ஓடிவந்த டயரே 33 காட்டினால் நிஜத்தில் அது 30-க்கும் கீழே என்று அர்த்தம். அப்போதைக்கு 39 வரை பிடித்து, மறுநாள் காலை சரிசெய்யுங்கள்.

கேள்வி: லோடு அடிக்கத் தொடங்கியதால் சாதாரண டயரை எடுத்துவிட்டு, அதே அளவில் எல்.டி. (லைட் டிரக், அதாவது சிறு சரக்கு வண்டிக்கான) டயர் போட்டிருக்கிறேன். பழைய 35 போதுமா?

போதாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எல்.டி. டயர் தடித்தது, பலமானது. ஆனால் அந்தப் பலம் கூடுதல் காற்றில்தான் வெளிப்படும். அதே 35-ல் அது பழைய டயரைவிடக் குறைவான எடையையே தாங்கும்.

எல்.டி.245/75ஆர்16, ‘இ’ லோடு ரகம் (அதிகச் சுமைக்கானது) என்ற டயரை எடுத்துக்கொள்வோம். ஒற்றைச் சக்கரமாக மாட்டினால் 50 பி.எஸ்.ஐ.-யில் 1,000 கிலோ தாங்கும். 65-ல் 1,190 கிலோ, 80-ல் 1,380 கிலோ. இப்படி ஒவ்வொரு அளவுக்கும் டயர் கம்பெனியின் சுமை அட்டவணை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு வழக்கமான லோடோடு எடைமேடைக்குப் போய்ப் பின் அச்சை மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். 2,000 கிலோ வந்தால் டயருக்கு 1,000. அட்டவணைப்படி 50 போதும் என்று தோன்றும். ஆனால் சரக்கு இரண்டு பக்கமும் சமமாக உட்காராது, வளைவில் எடை ஒரு பக்கம் சாயும். 55 வையுங்கள். பாரத்தைப் பின் அச்சுக்குப் பின்னால் குவித்தால் முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் லேசாகிவிடும். காற்றால் அதைச் சரிசெய்ய முடியாது, சரக்கைத்தான் முன்னே தள்ள வேண்டும். லோடை இறக்கிய பிறகு பல நாள் காலியாக ஓடப்போகிறது என்றால் காற்றையும் குறையுங்கள். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.

இன்னொன்று: 65-க்கு மேல் பிடிப்பதாக இருந்தால் சாதாரண ரப்பர் வால்வு ஆகாது, அதிக அழுத்தத்துக்கான வால்வு மாற்ற வேண்டும். ரிம்முக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. அச்சும் ஸ்பிரிங்கும் தாங்காத ஓவர்லோடை எவ்வளவு காற்று அடித்தாலும் சரிக்கட்ட முடியாது.

கேள்வி: டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே, தனியாகக் காற்றை அளக்கும் கேஜ் எதற்கு?

அந்த விளக்கு பொதுவாகக் காற்று கால்வாசி குறைந்த பிறகே எரியும். 35 என்றால் சுமார் 26-க்கு வந்தபின். ரேடியல் டயர் நல்ல காற்றிலும் அடியில் சற்றுப் பிதுங்கும் என்பதால் 26-க்கும் 35-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, காலால் உதைத்தாலும் தெரியாது. பஞ்சரே இல்லாத டயரும் மாதம் 1 அல்லது 2 பி.எஸ்.ஐ. இழக்கும். மாதம் ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

கேஜை வால்வில் நேராக அழுத்துங்கள். ‘உஸ்’ சத்தம் நிற்காமல் கேட்டால் சரியாகப் பொருந்தவில்லை, வரும் எண்ணை நம்பவேண்டாம். அளந்தபின் வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். குமிழ் எழுந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசியை முறுக்குங்கள், நிற்காவிட்டால் மாற்றுங்கள். மூடியையும் மறவாமல் போடுங்கள், வால்வுக்குள் மண் புகாமல் தடுப்பது அதுதான்.

கேள்வி: வைத்திருக்கும் காற்று சரியா என்று டயரைப் பார்த்தே சொல்ல முடியுமா?

தேய்மானம் சொல்லும், ஆனால் தாமதமாகச் சொல்லும். நடு தேய்ந்தால் காற்று கூடுதல், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு, அதற்குக் காற்றைக் குறை சொல்லாதீர்கள்.

உடனே தெரிய வேண்டுமானால் சாக்பீஸ் போதும். வழக்கமான லோடோடு சமதளத்தில் நிறுத்தி, டயரின் குறுக்கே பட்டையாகக் கோடு போட்டு, நேராகக் கொஞ்ச தூரம் மெல்ல ஓட்டிப் பாருங்கள். கோடு அகலம் முழுக்க ஒரே சீராக அழிந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்திருந்தால் 2 பி.எஸ்.ஐ. குறைத்து மறுபடி பாருங்கள். சுமை அட்டவணை சொல்வதைவிடக் கீழே மட்டும் இறக்காதீர்கள்.

கேள்வி: மணலில் வண்டி புதைகிறது. காற்றை எவ்வளவு இறக்கலாம்?

லோடு இல்லாத வண்டி என்றால் 18 வரை. 15-க்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளக்கூடும். மெதுவாக, சட்டென்று ஒடிக்காமல் ஓட்டுங்கள். தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மீண்டும் காற்று பிடித்துவிட வேண்டும். அதற்கு பம்பு கையில் இல்லையென்றால் இறக்கவே இறக்காதீர்கள்.