கதீட்டர் போட்டவருக்கு "சிறுநீர்க் கட்டுப்பாடு உண்டு" என்று எழுதலாமா?

கேள்வி: ஏற்காட்டில் சிறிய முதியோர் இல்லம் நடத்துகிறோம். மூன்று பேருக்கு யூரின் டியூப் போட்டிருக்கிறது. நாங்களே தயாரித்த மதிப்பீட்டுப் படிவத்தில் "சிறுநீர்க் கட்டுப்பாடு" என்ற கட்டம் உள்ளது. படுக்கை நனைவதில்லை, அதனால் "உண்டு" என்கிறார் ஒரு நர்ஸ். "இல்லை" என்கிறார் இன்னொருவர். எது சரி? வேறு என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: இரண்டுமே தவறு. டியூப் உள்ளே இருக்கும்வரை சிறுநீர்ப்பை தேக்குவதும் இல்லை, தானாக வெளியேற்றுவதும் இல்லை. இல்லாத வேலைக்கு மார்க் போட முடியாது. அந்தக் கட்டத்தில் "மதிப்பிடவில்லை, கதீட்டர் உள்ளது" என்று எழுதிவிட்டு, கதீட்டருக்கென்று தனிக் கட்டம் ஒன்றைச் சேருங்கள்.

அமெரிக்க நர்சிங் ஹோம்களில் நிரப்பும் எம்.டி.எஸ். 3.0 படிவத்தின் ஹெச் பிரிவு இதைத் தெளிவாகப் பிரிக்கிறது; அந்த முறையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். மதிப்பீட்டு நாளோடு முடியும் 7 நாட்களை மட்டும் பார்க்க வேண்டும். அதில் ஒரு நாள் டியூப் இருந்திருந்தாலும் கதீட்டர் கட்டத்தில் டிக். ஆனால் 7 நாளும் டியூப் இருந்தால்தான் கட்டுப்பாடு "மதிப்பிடவில்லை". மூன்றாம் நாள் எடுத்துவிட்டீர்கள் என்றால், மீதி நாட்களில் எத்தனை முறை நனைந்தது என்று எண்ணி எழுத வேண்டும். ஒருமுறையும் இல்லையென்றால் முழுக் கட்டுப்பாடு. ஏழு தடவைக்குக் குறைவு என்றால் "எப்போதாவது நனைகிறது". ஏழு அல்லது அதற்கு மேல், ஆனால் ஒருமுறையாவது சரியாகப் போயிருந்தால் "அடிக்கடி நனைகிறது". ஒருமுறைகூடச் சரியாகப் போகவில்லை என்றால் கட்டுப்பாடே இல்லை.

வெறுமனே "கதீட்டர்" என்று எழுதினால் போதாது, எந்த வகை என்பதும் வேண்டும். சிறுநீர்த் துவாரம் வழியாகப் போட்டு, நுனியிலுள்ள சிறு பலூனில் தண்ணீர் நிரப்பி உள்ளே நிறுத்தும் ஃபோலி, அடிவயிற்றில் துளையிட்டுப் போடும் சூப்ராப்யூபிக், சிறுநீரகத்திலிருந்து வரும் நெஃப்ராஸ்டமி மூன்றும் உள்ளே தங்கும் வகை. கான்டம் கதீட்டர் வெளியே மாட்டுவது. வேளாவேளைக்கு டியூப் விட்டு எடுப்பது தனி வகை; அவர்களுக்கு இரண்டு வேளைக்கு இடையே நனைகிறதா என்பதை வைத்துக் கட்டுப்பாட்டை எழுதலாம். யூரின் டெஸ்ட்டுக்காக ஒரே ஒருமுறை டியூப் விட்டு எடுத்தது எதிலும் சேராது.

படிவங்களில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது "காரணம்" கட்டம்தான். எழுதியே ஆக வேண்டியதும் அதுதான். புராஸ்டேட் அடைப்பு, தண்டுவடப் பாதிப்பால் சிறுநீர் தேங்குவது, இடுப்புக்குக் கீழுள்ள ஆழமான படுக்கைப் புண் சிறுநீரில் நனைவது, கடைசிக்கால நோயாளியின் ஆறுதல் ஆகியவை காரணங்கள். "டயபர் மாற்ற ஆள் போதவில்லை" என்பது காரணம் ஆகாது. எழுதக் காரணம் கிடைக்கவில்லை என்றால், டியூபை எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கும்: "ஃபோலி, சிலிகான், சைஸ் 16 எஃப்ஆர். பலூனில் 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர். போட்டது 4-ஆம் தேதி. காரணம்: புராஸ்டேட் வீக்கத்தால் அடைப்பு. டியூப் வலது தொடையில் ஒட்டப்பட்டுள்ளது. எடுத்துப் பார்க்கலாமா என்று 18-ஆம் தேதி டாக்டரிடம் கேட்க வேண்டும்."

பலூன் அளவு எதற்கு? எடுக்கும் நாளில் சிரிஞ்சால் உறிஞ்சும்போது 10-க்கு 3 மி.லி. மட்டும் வந்தால், இன்னும் உள்ளே இருக்கலாம், இழுக்கக் கூடாது என்று அதை வைத்துத்தான் தெரியும். பாக்கெட்டில் வரும் ஸ்டிக்கரை உரித்து ஃபைலில் ஒட்டிவிட்டால் சைஸ், காலாவதித் தேதி எல்லாம் சேர்ந்து வந்துவிடும். ஆண்களுக்கு டியூப் போட்டதும் முன்தோலைப் பழையபடி முன்னால் இழுத்துவிட்டதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மறந்தால் சில மணி நேரத்தில் நுனி வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும்.

ஒவ்வொரு டியூட்டி முடிவிலும் பேக்கைக் காலி செய்து அளவை எழுதுங்கள். நான்கு மணி நேரமாக எதுவும் வரவில்லையென்றால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, உடலுக்கடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அடிவயிறு புடைத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்க் குளிரில் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். சிறுநீர் கெட்டியாகிக் கசடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் குடித்த அளவும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

டியூபைச் சுற்றிக் கசிந்தால் "கட்டுப்பாடு இல்லை" என்று எழுதாதீர்கள். "கசிவு" என்று எழுதி அடைப்பையும் மலச்சிக்கலையும் பாருங்கள். பெரிய சைஸ் மாற்றுவது பெரும்பாலும் கசிவைக் கூட்டத்தான் செய்யும். கலங்கல், வாடை மட்டும் இருந்தால் "இன்ஃபெக்ஷன்" என்று எழுத வேண்டாம். ஒரு மாதம் டியூப் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் லேப் டெஸ்ட்டில்) கிருமி வளரும். காய்ச்சல், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம், ரத்தம் ஆகியவற்றைப் பார்த்தால் எழுதி, உடனே டாக்டருக்கும் சொல்லுங்கள்.

டியூப் எடுத்த நேரம், அதன்பின் முதலில் சிறுநீர் போன நேரம் இரண்டும் பதிவாக வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் போகவில்லையென்றால் மறுபடி டாக்டர் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு மலையிறங்க வேண்டாம் என்றால் டியூபைக் காலையிலேயே எடுங்கள்.

டியூப் மாற்றச் சேலத்துக்குக் கூட்டிப்போகும்போது கிளம்பும் முன் பேக்கைக் காலி செய்யுங்கள். மடியில் வைத்தால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பழைய சிறுநீர் திரும்ப உள்ளே போகும். இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல், டியூப் இழுபடாமல் மாட்டுங்கள். கிளிப்பால் மூடிவிட்டுப் போக வேண்டாம். காலி செய்த அளவையும் நேரத்தையும் உடன் செல்பவர் கையிலுள்ள தாளில் எழுதிக் கொடுங்கள். அங்கே டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.