தாத்தாவின் துப்பாக்கி அரசுக் கணக்கில் இருக்கிறதா?

கேள்வி: ஐயா, தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் தாத்தா ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். லைசென்ஸ் புத்தகம் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில் கொடுத்தது. கடைசியாகப் புதுப்பித்த முத்திரை 2014. 2016 சட்டமன்றத் தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய ரசீதும் இருக்கிறது. தாத்தா 2021-ல் தவறிவிட்டார். துப்பாக்கி பரணில் கிடக்கிறது. "அது கம்ப்யூட்டர் கணக்கிலேயே இருக்காது, கிளறாதே" என்கிறார் அப்பா. இந்தியாவில் மக்களிடம் 7 கோடி துப்பாக்கி என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள், இன்னொன்றில் 33 லட்சம் என்கிறார்கள். எது சரி? எங்களுடையது இதில் எதில் சேரும்? இப்போது போய்ச் சொன்னால் கேஸ் ஆகுமா?

பதில்: ஆயுத உரிம வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞர்

உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. அந்தத் துப்பாக்கி கம்ப்யூட்டரில் இல்லாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அதனால் அது எந்தக் கணக்கிலும் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது குறைந்தது இரண்டு பதிவேடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பேரும் அங்கே இருக்கிறது.

முதலில் புத்தகத்தைப் பார்ப்போம். 2014-ல் புதுப்பித்த லைசென்ஸ் அந்தக் காலத்து விதிப்படி 3 ஆண்டுதான் செல்லும். (5 ஆண்டு ஆனது 2019 திருத்தத்துக்கு அப்புறம்தான்.) ஆகவே தாத்தா உயிரோடு இருந்தபோதே, 2017-ல் அது காலாவதியாகிவிட்டது. இதற்கிடையில் மத்திய உள்துறை அமைச்சகம் எல்லா லைசென்ஸ்களையும் ஒரே தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. அந்த எண் வாங்காத லைசென்ஸ் செல்லாது என்று அறிவித்துவிட்டு, கெடுவைப் பலமுறை நீட்டித்தார்கள். புதுப்பிக்க வராதவர்களில் பலர் அந்த எண்ணை வாங்காமலே போனார்கள். உங்கள் புத்தகத்தில் நீண்ட அடையாள எண் ஏதும் எழுதியோ ஒட்டியோ இல்லையென்றால், தாத்தாவும் அவர்களில் ஒருவர் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கலெக்டர் ஆபீஸின் பழைய ஆயுதப் பதிவேடு அழிந்துபோகவில்லை. ஸ்டேஷனில் 2016 தேர்தலுக்கு ஆயுதம் வாங்கிவைத்த பதிவும் இருக்கும். உங்களிடம் உள்ள ரசீதின் மறுபாதி அதுதான். போதாக்குறைக்கு, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அப்படிப் பிரியும்போது பதிவேடுகளும் பிரிய வேண்டும். எந்தக் கோப்பு எந்த ஊரில் இருக்கிறது என்பதே சில நேரம் தேடல் வேலைதான். ஆக, ஒரே துப்பாக்கியைப் பற்றி மூன்று இடத்தில் கேட்டால் மூன்று பதில் வரலாம்: தேசியத் தரவுத்தளத்தில் 'இல்லை', கலெக்டர் ஆபீஸில் 'காலாவதி', ஸ்டேஷனில் 'உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது'. மூன்றுமே அந்தந்த ஏட்டின்படி உண்மைதான். பரணில் துப்பாக்கி கிடக்கிறது என்ற செய்தி மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் வழி கிடைத்துவிடும். அரசு எண்ணுவது பெரும்பாலும் லைசென்ஸை. துப்பாக்கியை அல்ல. ரேஷன் கார்டுகளை எண்ணிவிட்டு ஊர் ஜனத்தொகை சொல்வது போன்ற வேலை இது. நீங்கள் பார்த்த 33 லட்சம், 2016 டிசம்பர் முடிவில் நடப்பில் இருந்த லைசென்ஸ்களின் எண்ணிக்கை. உள்துறை அமைச்சகக் கணக்குப்படி சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம். அதில் உத்தரப் பிரதேசம் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாடு சுமார் 22,500தான்.

அதே காலத்துக் கணக்கில் பதிவான துப்பாக்கிகள் 97 லட்சம் என்று இன்னொரு எண்ணும் சுற்றுகிறது. இதைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். ஒரு லைசென்ஸுக்குச் சராசரி 2.9 துப்பாக்கி வருகிறது. அன்றைக்குச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பே 3! நாட்டில் லைசென்ஸ் வைத்திருந்த அத்தனை பேரும் உச்சவரம்பை ஒட்டியே வாங்கிக் குவித்திருந்தால்தான் இந்தச் சராசரி வரும். நான் பார்த்த லைசென்ஸ் புத்தகங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு ஆயுதம்தான் எழுதியிருக்கும். அந்த 97 லட்சத்தில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது, அல்லது மாநிலங்கள் அனுப்பிய பட்டியல்கள் ஒரே அளவுகோலில் இல்லை என்பது என் எண்ணம். எப்படியானாலும் அந்த எண்ணை நம்பி நான் வாதாட மாட்டேன்.

லைசென்ஸ் எண்ணிக்கையையே முழுதாக நம்ப முடியாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மக்கள்தொகை குறைவான ஜம்மு காஷ்மீரில் அதே 2016 கணக்கின்படி 3 லட்சத்து 69 ஆயிரம் லைசென்ஸ்கள். தகுதியில்லாதவர்களுக்கு, வெளிமாநிலத்தவர்களுக்குக்கூட, அங்கே லட்சக்கணக்கில் லைசென்ஸ் கொடுக்கப்பட்டதாக அப்புறம் சி.பி.ஐ. வழக்குப் பதிந்து விசாரித்தது. இதற்கு நேரெதிரானது குடகு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து குடவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கைல்போது பண்டிகையில் வைத்துக் கும்பிடும் அந்தத் துப்பாக்கிகள் லைசென்ஸ் பட்டியலில் எப்படி வரும்?

சரி, 7 கோடி? அது ஜெனீவாவிலுள்ள ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு நிறுவனம் 2018-ல் வெளியிட்ட மதிப்பீடு. இந்தியாவில் பொதுமக்களிடம் 7 கோடியே 11 லட்சம், அதில் பதிவானது 97 லட்சம், மீதி 6 கோடிக்கு மேல் பதிவில்லாதது. பீகாரின் முங்கேர் பக்கத்துக் கள்ளக் கைத்துப்பாக்கியான கட்டாவிலிருந்து நம் மலைக்கிராமத்து நாட்டுத் துப்பாக்கி வரை அந்த மீதியில்தான் அடங்கும். அதை யாரும் வீடு வீடாக எண்ணியதில்லை. பதிவுக் கணக்கு, கருத்துக் கணிப்பு, நிபுணர்களின் மதிப்பீடு, ஒத்த நாடுகளோடு ஒப்பீடு என்று கிடைத்ததை வைத்துக் கட்டிய எண் அது. அந்த நிறுவனமே இதை மறைக்கவில்லை. வீடியோ போடுகிறவர்கள்தான் 'மதிப்பீடு' என்ற சொல்லை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். உலகம் முழுக்க மக்களிடம் 85 கோடியே 70 லட்சம் என்றும், அதில் பதிவானது 10 கோடி அளவுக்குத்தான் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அமெரிக்காவின் 39 கோடியும் மதிப்பீடுதான். அங்கே துப்பாக்கிகளுக்கு மத்தியப் பதிவேடு வைப்பதையே 1986-ன் சட்டம் ஒன்று தடுக்கிறது.

ஆகவே 2016 முடிவில் எடுத்த அந்த 33 லட்சத்தில் தாத்தாவின் லைசென்ஸும் ஒன்றாக இருந்திருக்கலாம், ஏனென்றால் அது காலாவதியானது 2017-ல்தான். ஆனால் இன்றைக்கு அந்த லைசென்ஸ் நடப்பில் இல்லை. 7 கோடியில் பெயரில்லாமல் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இடைவெளியைப் பாதுகாப்பு என்று அப்பா நினைக்கிறார். ஆபத்தே அங்கேதான். ஏதாவது ஒரு தேர்தலுக்கு முன்னால், ஸ்டேஷன் ரைட்டர் பழைய பதிவேட்டைப் புரட்டி 'இந்த ஆள் ஏன் இந்த முறை ஒப்படைக்கவில்லை?' என்று கேட்டால், ஆள் அனுப்புவது உங்கள் வீட்டுக்குத்தான். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

இனி செய்ய வேண்டியது. முதலில் பரணிலிருந்து எடுத்துத் துடைக்கிறேன், விசையை இழுத்துப் பார்க்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம். புத்தகத்தில் ஆயுத விவரத்தைப் பாருங்கள். எஸ்.பி.எம்.எல். என்று இருந்தால் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகை, எஸ்.பி.பி.எல். என்றால் பின்னால் மடித்துத் தோட்டா போடும் வகை. முதல் வகையென்றால் கூடுதல் கவனம் வேண்டும். கடைசியாகக் கெட்டித்த மருந்தும் ரவையும் உள்ளேயே இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கம்பியை விட்டுக் குத்திப் பார்க்கவே கூடாது. இந்த வகையில் பலவற்றில் கம்பெனி எண் இருக்காது, குழலில் உளியால் தட்டிய எண்தான் இருக்கும். அது புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதை ஒப்படைக்கும்போது போலீஸ்காரரோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அதை அங்கேயே எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.

அடுத்து, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்து ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடாதீர்கள். லைசென்ஸ்தாரர் எழுதிக் கொடுத்தால் இன்னொருவர் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ எடுத்துப் போகலாம் என்று சட்டத்தில் இடமுண்டு. உங்கள் விஷயத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியவர் இன்று இல்லை. வழியில் யாராவது நிறுத்தினால் விளக்கம் சொல்லவே நேரம் போதாது. முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள்: தாத்தா பெயர், லைசென்ஸ் எண், ஆயுத விவரம், இறந்த தேதி, இன்ன இடத்தில் இருக்கிறது, ஆயுதச் சட்டம் 21-வது பிரிவின்படி ஒப்படைக்க விரும்புகிறோம். இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் புத்தகம், 2016 ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்து ஸ்டேஷனில் ஒன்று கொடுத்து, மறுநகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். தென்காசி கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும், அல்லது எப்படிக் கொண்டுவருவது என்று சொல்லட்டும்.

கேஸ் போடுவார்களா? போடவே முடியாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தாமதம் ஆகியிருக்கிறது. ஆனால் இந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர 39-வது பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர், முன்அனுமதி தர வேண்டும். தானாக முன்வந்து, பழைய லைசென்ஸும் ரசீதும் கையில் வைத்துக்கொண்டு ஒப்படைக்கிற குடும்பம் ஒரு நிலையில் இருக்கிறது. சோதனையில் பிடிபடுகிற குடும்பம் வேறு நிலையில். மலையோரக் கிராமங்களில் லைசென்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக்கூட 'தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை' என்று அறிவித்துப் போலீஸார் வாங்கிக்கொள்வதை நீங்களே செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

'துருப்பிடித்துப்போனது, சுடாது, அதனால் லைசென்ஸ் வேண்டாம்' என்று உறவுக்காரர் யாராவது சொல்வார்கள். பழுதானவற்றுக்கு 45-வது பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. எந்தப் பட்டறைக்காரரும் இரண்டு நாளில் சரிசெய்துவிடக்கூடியது அதில் வராது.

தோட்டத்துக்குத் துப்பாக்கி வேண்டும் என்றால் வாரிசு என்ற முறையில் உங்களில் ஒருவர் விண்ணப்பிக்கலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், உடல் மன நலச் சான்று, ஆயுதம் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி கேட்கும் விண்ணப்பத்துக்குச் சட்டத்தின் 13-வது பிரிவிலேயே ஆதரவு உண்டு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதன்மேல் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் லைசென்ஸ் கிடைத்துவிட்டால் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. அது வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வேறு விவகாரம்.

வேண்டாம் என்றால் லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரிக்கு விற்க அனுமதி கேளுங்கள், அல்லது அரசிடமே விட்டுவிடுகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். ஒப்படைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. குறித்த காலத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசு அதைப் பறிமுதல் செய்துகொள்ளலாம். எந்த வழி என்றாலும், கடைசியில் கலெக்டர் ஆபீஸில் தாத்தாவின் லைசென்ஸ் ரத்தானதாகப் பதிவாகிவிட்டதா என்று கேட்டு, அதற்கு எழுத்தில் ஒரு பதில் வாங்கி, அந்த 2016 ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.