மாஸ் எஃபெக்ட் மூன்று பாகங்களும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி வீடியோ கேமின் மூன்று பாகங்களையும் ஐந்து முறை தொடக்கம் முதல் கடைசி வரை விளையாடியிருக்கிறேன், அதனால் போன வாரம் யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு இங்கே பதில். கதை நிறையவே வெளியே வரும், இன்னும் விளையாடாதவர்கள் முதல் இரண்டு பதில்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் பாகம் 2007இல் வந்தது, ரொம்பப் பழசு. நேரடியாக இரண்டாம் பாகத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். மூன்று பாகமும் ஒரே கதை, உங்கள் சேவ் ஃபைல் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும், நீங்கள் காப்பாற்றியவர் உயிரோடு வருவார், கைவிட்டவர் வரமாட்டார். முதல் பாகத்தில் விர்மயர் என்ற கிரகத்தின் கடற்கரையில் உங்கள் கூட்டாளி ரெக்ஸ், குரோகன் என்ற வேற்றுகிரக இனத்தவன், உங்கள் மீதே துப்பாக்கியை நீட்டுவான். அவனைப் பேசிச் சமாதானப்படுத்தலாம். பேச்சுத்திறனுக்குப் போதுமான புள்ளிகளைப் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அவனுடைய குடும்பக் கவசத்தை முன்பே மீட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டாம் பாகத்திலிருந்து ஆரம்பித்தால் கேம் தானாகவே ரெக்ஸ் செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். முந்தைய கதையை காமிக் வடிவில் பார்த்துச் சில முடிவுகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டுதான், ஆனால் படம் பார்த்துப் பொத்தானை அழுத்துவதும் அந்தக் கடற்கரையில் துப்பாக்கி முனையில் நின்று பேசுவதும் ஒன்றாகுமா?

முதல் பாகத்தில் கிரகங்களில் சுற்றும் மேக்கோ வண்டியை ஓட்ட முடியவே முடியாது என்கிறார்களே, லிஃப்டும் நகராதாமே?

மூன்று பாகங்களையும் மெருகேற்றி 2021 மே மாதம் வந்த லெஜண்டரி எடிஷனை வாங்குங்கள். வண்டி இப்போது கைக்கு அடங்குகிறது, துப்பாக்கி குறியும் முன்பைவிட நன்றாக நிற்கிறது. லிஃப்ட் பயணத்தைத் தாண்டிப் போகவும் வழி உண்டு, ஆனால் நான் தாண்டமாட்டேன். கூட வரும் இருவரும் அந்த நேரத்தில்தான் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள், அவர்களை நான் நன்றாகத் தெரிந்துகொண்டது அந்த லிஃப்டில்தான். பிசியில் 120 ஜிபி இடம் வேண்டும், மறந்துவிடாதீர்கள். மூன்றாம் பாகத்தின் மல்டிபிளேயர் இதில் இல்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நாம் விளையாடும் நாயகப் பாத்திரம் ஷெப்பர்டை ஆணாக எடுப்பதா, பெண்ணாக எடுப்பதா?

பெண். ஜெனிஃபர் ஹேல் குரல் கொடுத்திருக்கிறார். கோபத்திலும் களைப்பிலும் அந்தக் குரல் மாறுவதைக் கேளுங்கள், போதும்.

அண்ணா, இரண்டாம் பாகத்தின் முடிவில் என் கப்பல் ஊழியர்கள் பாதிப்பேர் செத்துவிட்டார்கள். கெல்லி கண்ணாடிப் பெட்டிக்குள் கரைந்துபோனதைப் பார்த்துத் தூக்கமே வரவில்லை. எங்கே தப்பு செய்தேன்?

தம்பி, நீ தாமதித்துவிட்டாய். எதிரிகள் ஊழியர்களைக் கடத்திக்கொண்டு போனதும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும், ஆனால் திரையில் கடிகாரம் எதுவும் இருக்காது. உடனே எதிரித் தளத்துக்குப் போகும் வாசலான ஒமேகா 4 வழியாகப் போனால் எல்லோரும் பிழைப்பார்கள். இடையில் ஒன்றிரண்டு மிஷன் முடித்துவிட்டுப் போனால் பாதிப்பேர், அதற்கும் மேல் இழுத்தடித்தால் டாக்டர் சாக்வாஸ் ஒருவர்தான் மிச்சம். நானும் முதல் முறை கனிமம் தேடிக் கிரகம் கிரகமாகச் சுற்றிவிட்டுத்தான் போனேன். மற்ற கேம்களில் உலகம் அழியப்போகிறது என்பார்கள், நாம் போய் மீன் பிடித்துவிட்டு வந்தாலும் காத்திருக்கும், அந்தப் பழக்கம் நமக்கு. இந்த கேம் காத்திருக்காது, அதனாலேயே இதை எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

அடுத்த முறைக்காக: கப்பலின் கவசம், தடுப்பு, பீரங்கி மூன்றையும் மேம்படுத்திவிடு, எதை விட்டாலும் ஓர் ஆள் போய்விடும். உன் கூட்டாளிகளில், எதிரித் தளத்தின் காற்றுக்குழாய்க்குள் டாலி அல்லது லீஜியனை அனுப்பு, பயோட்டிக் (மனசக்தி) தடுப்புக்கு ஜாக் அல்லது சமாரா, அணித் தலைமைக்கு காரஸ். அனுப்புகிற ஒவ்வொருவருடைய சொந்த மிஷனையும் முன்பே முடித்திருக்க வேண்டும். மீட்ட ஊழியர்களைக் கப்பலுக்குக் கூட்டிப்போக விஞ்ஞானி மோர்டினை அனுப்பு, கடைசித் தற்காப்பில் அவர் தாங்கமாட்டார். ஆனால் இதையெல்லாம் அடுத்த ஆட்டத்துக்கு வைத்துக்கொள். இப்போது பழைய சேவ் ஃபைலை லோட் செய்யாமல், நடந்தது நடந்ததாகவே மூன்றாம் பாகத்துக்குப் போ.

பாராகன் (நல்லவர் வழி), ரெனிகேட் (முரட்டு வழி) இரண்டையும் கலந்து விளையாடலாமா?

மனசு அப்படித்தான் சொல்லும், ஆனால் இரண்டாம் பாகத்தில் கலந்தால் அடி விழும். மிராண்டாவும் ஜாக்கும் சண்டை போடும் இடத்தில் இருவரையும் சமாதானப்படுத்த ஒரு பக்கப் புள்ளி நிறைய இருக்க வேண்டும். சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுப்பவரைத் தண்டிக்கிற அமைப்பு இது, பெரிய குறை என்றே சொல்வேன். மூன்றாம் பாகத்தில் இரண்டும் ஒரே மதிப்பில் சேர்வதால் நிம்மதி.

மோர்டினைக் காப்பாற்றவே முடியாதா? மூன்று முறை முயற்சி செய்துவிட்டேன்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முன்கதை இதுதான்: குரோகன் இனம் பெருகிப் பரவியபோது சாலரியன்கள் என்ற இன்னோர் இனத்தார் ஜெனோஃபேஜ் என்ற நோயை உருவாக்கினார்கள், டூரியன்கள் அதைப் பரப்பினார்கள், அதன் பிறகு ஆயிரம் கருவில் ஒன்றுதான் உயிரோடு பிறக்கும். பிற்காலத்தில் குரோகன்கள் அதற்குப் பழகத் தொடங்கியபோது நோயைத் திருத்தி அமைத்த குழுவில் இருந்தவர் மோர்டின். வேகமாக, வாக்கியத்தை வெட்டி வெட்டிப் பேசும் அந்தக் கிழவர் தன் கணக்கு சரி, தன் கணக்கு சரி என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டாம் பாகத்தில் அவருடைய மாணவன் மேலன் கொடூரமாகச் சேர்த்த ஆய்வுத் தரவை அழிப்பதா வைத்துக்கொள்வதா என்று உங்களிடம் கேட்பார். வைத்துக்கொண்டால் மூன்றாம் பாகத்தில் ஈவ் என்ற குரோகன் பெண் பிழைப்பாள். அழித்தால் சாவாள்.

குரோகன்களின் கிரகமான துச்சங்காவில் ஜெனோஃபேஜுக்கான மருந்தைக் காற்றில் கலக்க யாராவது கோபுரத்தின் உச்சிக்குப் போக வேண்டும். மோர்டின் போவார். மேலே நெருப்பு, வெடிப்பு, அவர் விசைகளைத் தட்டிக்கொண்டே தனக்குப் பிடித்த பாட்டை முணுமுணுப்பார், பாட்டு பாதியில் நிற்கும். பிறகு அந்த வறண்ட கிரகத்தின் மேல் மருந்து பனி மாதிரி மெல்ல இறங்கும். குரோகன்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

அவரைத் தடுக்க முடியுமா? ரெக்ஸும் ஈவும் இருந்தால், முதுகில் சுட்டுத்தான் தடுக்க முடியும். ரெக்ஸ் முதல் பாகத்திலேயே செத்து, ஈவும் செத்து, குரோகன்களை நல்வழி நடத்த யாருமே இல்லையென்றால் மட்டும் நீங்கள் சொல்வதைக் கேட்டுத் திரும்பி வருவார், உயிரோடு இருப்பார். அதாவது மோர்டின் பிழைக்க வேண்டுமானால் அவர் காப்பாற்ற நினைத்த இனத்தின் நல்ல எதிர்காலத்தையே நீங்கள் முன்கூட்டி அழித்திருக்க வேண்டும். இதை எனக்கு ஒரு நண்பர் சொன்னபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் மருந்தைத்தான் ஐந்து முறையும் தேர்ந்தெடுத்தேன்.

மூன்றாம் பாகத்தின் முடிவு மோசம் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

2012 மார்ச்சில் பெரிய கொந்தளிப்பே நடந்தது. எத்தனையோ முடிவுகள் எடுத்துவிட்டு வந்தவர்களுக்குக் கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வெளிச்சம்தான் கிடைத்தது. ரசிகர்கள் அந்த மூன்று நிறத்தில், ஆனால் ஒரே சுவையில், நானூறுக்கும் மேற்பட்ட கப்கேக்குகளை, கேமை உருவாக்கிய பயோவேர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஜூன் மாதம் நீட்டிக்கப்பட்ட முடிவை இலவசமாகக் கொடுத்தார்கள், லெஜண்டரி எடிஷனில் அதுவே இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடம் இப்போதும் எனக்கு நிறைவாக இல்லை. ஆனால் மோர்டினின் கதை துச்சங்காவில் முடிகிறது, டாலியின் கதை அவளுடைய இனத்தின் கிரகமான ரன்னாக்கில் முடிகிறது, மூன்றாம் பாகம் முழுக்கவே முடிவுகள்தான், அவை அருமையாக இருக்கின்றன. கடைசி மிஷனுக்கு முன்னால் சிட்டடெல் என்ற கூடுதல் பகுதியை (டிஎல்சி) விளையாடிவிடுங்கள், எல்லோரோடும் ஒரு ராத்திரி சிரித்துவிட்டுப் போகலாம்.

பிறகு வந்த ஆண்ட்ரோமெடா பாகம்?

சண்டை நன்றாக இருக்கும், மனிதர்கள் மனதில் நிற்கமாட்டார்கள். இந்த மூன்றையும் முடித்துவிட்டு ஆசை இருந்தால் பாருங்கள்.

ஒரே ஒரு காட்சியைத் திரும்பப் பார்க்கலாம் என்றால் எது?

மூன்றாம் பாகத்தில் காரஸ் ஷெப்பர்டை சிட்டடெல் என்ற விண்வெளி நிலையத்தின் உச்சிக்குக் கூட்டிப் போவான். அவன் அங்கே காவல் வேலை பார்த்த காலத்தில் விதிகளுக்குப் பயந்து ஏறாத இடம். ஒருவர் பாட்டிலைத் தூக்கிப் போட மற்றவர் சுட வேண்டும், கடைசிப் பாட்டிலை அடிப்பதா வேண்டுமென்றே விடுவதா என்று கேம் உங்களிடம் கேட்கும். நான் விட்டேன். இனி சிட்டடெலில் தனக்குப் பிடித்த இடம் இதுதான் என்று அவன் அந்த உயரத்திலிருந்து கத்தினான், வெளியே விண்வெளியெங்கும் போர் நடந்துகொண்டிருந்தது.